குளிர்த்திக் குடமும் வெடித்த எஞ்சினும்

இன்று காலை அந்தச் சின்னச் செப்புக் குடத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். மூன்று வருடமாக அது கவிழ்ந்தே கிடந்தது. வாயை மூக்கருகே கொண்டுபோனபோது, நம்புவீர்களோ தெரியாது, இன்னும் மஞ்சளும் வேப்பிலையும் மணத்தன. அடியில் களிம்பு ஏறியிருந்தது. பழப்புளி போட்டுத் துலக்கினேன். துலக்கும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கோபந்தான் வந்தது. அதுவும் உங்கள் மேல்.

நாளைக்குக் குளிர்த்தி, அம்மாளைக் குளிரவைக்கிற நாள். படுவான்கரைக்கு, அதே கண்ணகை அம்மன் கோயிலுக்கு, இந்தக் குடத்தோடு நம்முடைய காரில் போகப்போகிறேன். ஓம், அந்தக் கார்தான். "பழைய இரும்புக்குக் குடுத்திடு" என்று படுக்கையில் கிடந்துகொண்டு நீங்கள் சொன்ன கார். நம்முடைய முப்பத்தாறு வருடத்தில் நீங்கள் சொல்லி நான் கேட்காத காரியம் மூன்று. ஒன்று உங்களுக்குத் தெரியும். மற்ற இரண்டையும் நீங்கள் போன பிறகுதான் செய்தேன். செய்ததை உங்களுக்கு எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் காருக்கு நான் ஒரு கொப்பி வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? எப்போது ஒயில் மாற்றியது, எந்த நாளில் எத்தனை போத்தல் தண்ணீர் விட்டது, எந்த டயர் எந்தப் பக்கம் போனது, எல்லாம் அதில் இருக்கும். "பிள்ளைக்குத் தடுப்பூசிக் காட் எழுதிற மாதிரி எழுதிறா" என்று வாடகைக் கார்கள் நிற்கிற சந்தியில் நின்று சிரிப்பீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மிச்சப் படிப்பைத் தேவாரப் புத்தகத்திலும், சாமான் சுற்றி வந்த பேப்பர்களிலும், அந்தக் கொப்பியிலுந்தான் படித்தேன். பிழையில்லாமல் எழுத வேண்டும் என்பது எனக்கு ஒரு விரதம் போல. அந்தக் கொப்பியில் ஒரேயொரு வரிதான் பொய். அதை எழுதச் சொன்னது நீங்கள்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

வருடத்துக்கு ஒரு தரம் திறக்கிற கோயிலில் கதவு திறந்து ஏழாம் நாள். விடியக் குளிர்த்தி பாடி முடித்து, பூசாரியார் என் குடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த குளிர்த்தி நீரை நிறைத்துத் தந்தார். வழக்கமாக ஒரு செம்பு போதும். அந்த வருடம் அடுத்த வீட்டுப் புஷ்பத்தின் பேத்திக்கு அம்மாள் வருத்தம். முகம், கண்மடல் எல்லாம் கொப்புளம். "அக்கா, எப்பிடியும் தண்ணி கொண்டுவந்து தாங்க" என்று புஷ்பம் என் கையைப் பிடித்திருந்தாள். அதனால்தான் குடம்.

வெல்லாவெளி தாண்டி, வயல் வட்டைக்கு நடுவால் போகிற தெருவில் வந்துகொண்டிருந்தோம். அந்தப் போகம் யாரும் விதைக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் காய்ந்த வயல், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கச்சான் காற்று நெருப்பை வாரி அடித்தது. திடீரென்று முன்பக்கம் வெள்ளையாய் ஆவி கிளம்பியது. நீங்கள் பதறவில்லை. ஓரமாய் நிறுத்தி, சாக்கை மடித்து ரேடியேட்டர் மூடியில் போட்டு, "தள்ளி நில்லுகா" என்று சொல்லி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினீர்கள். சீறிக்கொண்டு ஆவி போனது. உள்ளே இருந்த தண்ணீரில் பாதிக்கு மேல் அதோடு போயிற்று.

"ஒரு மணித்தியாலம் ஆறட்டும். நான் அந்த வயல் வாடியில தண்ணி எடுத்துக்கொண்டு வாறன். நீ ஒண்டிலயும் கை வைக்காத."

எத்தனை இளந்தாரி டிறைவர்மாருக்கு நீங்கள் சொன்ன வாக்கியம் அது: "கொதிக்கிற வாய்க்குப் பச்சத்தண்ணி குடுக்கப்படாது." நான் சோறு பரிமாறிக்கொண்டு நூறு தரம் கேட்டிருப்பேன். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அது ஆண்களின் கதை என்று விட்டுவிட்டேன்.

கானைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வரம்பால் நடந்து சின்னப் புள்ளியாகிவிட்டீர்கள். அணைத்த பிறகும் எஞ்சின் சூட்டில் கிர் கிர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தப் பிள்ளையின் கண்மடல்தான் நினைவில். மடியில் குடம். அம்மாளின் உக்கிரத்தையே தணிக்கிற தண்ணீர் கையில் இருக்கிறது, இந்த இரும்பின் சூட்டைத் தணிக்காதா என்று நினைத்தேன். விசர்த்தனமாக நினைக்கவில்லை. முழு நம்பிக்கையோடு நினைத்தேன். "தாயே" என்று சொல்லிக்கொண்டுதான் திறந்த ரேடியேட்டர் வாய்க்குள் ஊற்றினேன். பாதிக் குடம்.

பாக்குவெட்டியில் பாக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரே ஒரு தரம்.

நீங்கள் கானோடு வந்து சேர்ந்தபோது எஞ்சின் பக்கச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் தண்ணீர் கோடு போட்டு வடிந்துகொண்டிருந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். குடத்தைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. பேசுவீர்கள், ஏசுவீர்கள் என்று காத்து நின்றேன். நீங்களோ சாரத் தலைப்பால் குடத்தின் வாயைத் துடைத்து, மிச்சத் தண்ணீர் சிந்தாமல் ஆசனத்துக்குக் கீழே வைத்தீர்கள்.

"புள்ளைக்கு மிச்சம் இரிக்குத்தானே?" என்றீர்கள்.

"இரிக்கு."

"இஞ்ச பாருகா. அம்மாள்ட தண்ணியில எஞ்சின் வெடிச்செண்டு சொன்னா ஊர் ரெண்டு கதை கதைக்கும். உன்னில பிழை எண்டும் கதைக்கும், அம்மாளில பிழை எண்டும் கதைக்கும். வாடித் தண்ணிய நான் ஊத்தினன். அவ்வளவுதான். உன்ட கொப்பியிலயும் அப்பிடியே எழுது."

நான் எழுதினேன். "ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டது: அவர்." ஓர் எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன். அதுதான் எனக்கு இப்போதும் வெட்கம்.

உழவு மெஷினில் கட்டி இழுத்துக்கொண்டு சந்திக்கு வந்தபோது உங்கள் கூட்டாளி சின்னத்தம்பி அண்ணன்தான் முதலில் ஓடி வந்தவர். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஆர் மச்சான் ஊத்தின?"

"நான்தான்."

"நீயா? நாப்பது வருசம் ஹயர் கார் ஓடினவன், கொதிக்கிற எஞ்சினுக்குப் பச்சத்தண்ணி ஊத்தினானாமே! இனி எங்களுக்குப் படிப்பிக்க வராதே, கேட்டியா!"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பின் ஆசனத்தில் குடத்தை அணைத்துக்கொண்டு நான் இருந்தேன். அடுத்த கிழமைக்குள் உங்கள் பெயர் பச்சத்தண்ணி. கடையில் பச்சத்தண்ணி, கோயில் கூட்டத்தில் பச்சத்தண்ணி. எந்தச் சோதனைச் சாவடியிலும் பிள்ளைப்பேற்றுக்காரியை இறக்கி நடக்கவிடாமல் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்த மனிதருக்கு, எத்தனையோ பொம்பிளை மாப்பிள்ளையைப் பூப்போட்டு ஏற்றி இறக்கிய மனிதருக்கு, கடைசியில் மிஞ்சிய பெயர் அது. நான் அழுதால், "விடுகா, பேர்ல என்ன இரிக்கு, கூப்பிட்டா திரும்பிப் பாக்கத்தானே" என்பீர்கள். ஒன்றரை வருடம் திரும்பிப் பார்த்தீர்கள்.

நீங்கள் போன நாளன்று மார்கழி மழை. வாசலில் பந்தல் ஒழுகிக்கொண்டிருந்தது. குடையோடு வந்த ஒருவர், யாரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, படலையில் நின்று கேட்டார்: "பச்சத்தண்ணியர்ட செத்தவீடு இதுதானே?"

துக்கம் விசாரிக்க வந்தவர். நல்ல மனிதராய்த்தான் இருப்பார். ஆனால் அந்தக் கேள்வி உங்கள் காலடியில் இருந்த எனக்குக் கேட்டது. அப்போதே முடிவெடுத்துவிட்டேன். இரும்புக்குக் கொடுத்தால் கதையும் அதோடு போய்விடும் என்று நீங்கள் நினைத்தீர்கள். கதை போகவில்லை. கார் போனாலும் அந்தப் பெயர் உங்கள் திவசத்துக்கும் வந்து குந்தியிருக்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாளே இரும்புக்காரன் வந்தான். அனுப்பினேன். பிறகும் வந்தான். "உன்ட தராசைக் கொண்டு இனி இந்தப் படலை தாண்டினா தராசு எனக்கு" என்றேன். மூத்தவன் கட்டாரிலிருந்து வீடியோவில் வந்தான்.

"அம்மா, அதுக்குள்ள பாம்பு குடியிரிக்கும். ஆர் ஓட்டப்போறாங்க? குடுத்துட்டுப் பேசாம இரிங்க."

"உனக்கு அங்க வேலை இல்லையா மனே?"

"இரிக்கு."

"அப்ப அதப் போய்ப் பாரு."

உங்களுடைய பிடிவாதம் அவனுக்கு, என்னுடைய பிடிவாதம் எனக்கு. ஒரு வருடம் கேட்டுக் கேட்டு, பார்த்துப் பார்த்து, வெடித்த எஞ்சின் புளொக்கைப் பற்றி ஒரு கொப்பி நிறைய எழுதினேன். ஒட்டலாமாம். ஒட்டுகிறவர்கள்தான் குறைவாம். திவசம் கழிந்ததும் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். உங்கள் காருக்கு ஒரு தரம் கியர் பெட்டி பார்த்த றமீஸ் தம்பி நினைவிருக்கிறாரா? இப்போது தாடி நரைத்துவிட்டது. சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அக்கா, புளொக் வெடிச்சா அது மய்யித்து, செத்த உடம்பு. கபுறுல வெக்கிறதுதான். ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வேல?"

"மய்யித்துக்கு மூச்சு வராது தம்பி. இதுக்கு வரும். நெருப்பு வைக்க உங்களால ஏலுமா, ஏலாதா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் தம் வேலைக்காரனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விளக்கமாகச் சொன்னார். வார்ப்பிரும்பு பொல்லாத சாதி. மற்ற இரும்பைப் போல வெடித்த இடத்தில் மட்டும் நெருப்பைக் காட்டி ஒட்டினால், பக்கத்தில் குளிர்ந்து நிற்கிற இரும்பு அந்தச் சூட்டைத் தாங்காமல் வெடிக்கும். முழுப் புளொக்கையும் மெல்ல மெல்லச் சூடேற்றி, கனலும்போதே வெடிப்பில் பித்தளையை உருக்கி ஊற்ற வேண்டும்.

"ஊத்திறது பெரிய காரியமில்ல அக்கா. அதுக்குப் பொறகு ஆற வெக்கிறதுதான் காரியம். சூடேத்தின மாதிரியே மெல்ல மெல்ல ஆறணும். கடல் காத்து ஒருக்காப் பட்டாப் போதும், ஒட்டின இடத்துக்குப் பக்கத்துல டக்கெண்டு போகும். ரெண்டு நாள் ஒரு இடத்துல பொத்திக் காவல் இரிக்க என்ட கராஜில ஏலாது. இவனுகள் தொறந்து பாப்பானுகள்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன சொன்னார் அவர்? உக்கிரமானதை ஒரேயடியாகக் குளிரவைக்கக் கூடாது என்றார். அது எனக்குத் தெரியாத விசயமா? வருடா வருடம் கதவு திறந்து, ஏழு நாள் விரதமிருந்து, ஏழு நாள் பாடி, கடைசி நாளில்தானே அம்மாளுக்குக் குளிர்த்தி செய்கிறோம்? எந்தப் பூசாரியார் முதல் நாளே குடத்தைத் தூக்கி ஊற்றியிருக்கிறார்? எனக்கு நடுத்தெருவில் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. தண்ணீரில் பிழையில்லை. அம்மாளில் பிழையில்லை. ஏழு நாளை நான் ஒரு நிமிடமாக்கப் பார்த்தேன். அதுதான் பிழை.

"காவலுக்கு நான் இரிக்கன் தம்பி," என்றேன். "உமிச் சாம்பல் நான் எடுக்கன். என்ட வளவுக்கு வாங்க."

சித்திரையில் வந்தார். மாங்கொப்பில் சங்கிலி கட்டி எஞ்சினை வெளியே தூக்கினார்கள். கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் நான் பால்மாப் பேணிகளில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டினேன். மூன்று வருடத் துருவைச் சுரண்டி எடுத்தபின் அந்த வெடிப்பு தெரிந்தது. மயிர் போல மெல்லிய கோடு. இவ்வளவுதானா என்று நினைத்தேன். இந்தக் கோட்டுக்காகவா இவ்வளவு சிரித்தார்கள்? றமீஸ் தம்பி முதலில் அதன் இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு சின்னத் துளை போட்டார், அதற்கு மேல் ஓடாமல் இருக்க. பிறகு கோட்டு வழியே வாய்க்கால் போலக் கீறினார்.

வளவின் மூலையில் செங்கல்லால் ஒரு குழி கட்டினோம். வெல்லாவெளி மில்லிலிருந்து உமி பன்னிரண்டு மூடை எடுப்பித்து, அதில் பாதியை முதல் நாளே எரித்துச் சாம்பலாக்கி வைத்திருந்தேன். வாவிப் பக்கமும் கடற்பக்கமும் தகரம் அடைத்தோம். விடியற்காலை கரி மூட்டிப் புளொக்கை நடுவில் வைத்தோம். நெருப்பை ஒரேயடியாகக் கூட்டாமல், இடையில் குறைக்காமல் ஏற்ற வேண்டும். றமீஸ் தம்பி ஊதியைக் கொஞ்சம் வேகமாகச் சுழற்றினார்.

"மெல்ல," என்றேன்.

"அக்கா, இது சோறு இல்ல."

"சோறுக்கே நான் நெருப்ப இப்பிடி ஏத்தமாட்டன்."

"சரி, சரி. நான் கூலியாள், பெரிய மெக்கானிக் நீங்கதான்," என்று சொல்லிச் சிரித்தாலும் கையை மெதுவாக்கினார்.

பத்து மணியளவில் இரும்பு மங்கலாய்ச் சிவக்கத் தொடங்கியது. நம்முடைய தட்டார் நகைக்குப் போடுகிற அதே வெங்காரத்தை வெடிப்பில் தூவி, பிஸ்மி சொல்லிக்கொண்டு காஸ் நெருப்பைக் காட்டினார். நானும் உதட்டுக்குள் அம்மாளைச் சொல்லிக்கொண்டு நின்றேன். பித்தளைக் கம்பி உருகி அந்த வாய்க்காலில் பாய்ந்தது. வயலுக்கு முதல் தண்ணீர் திறந்துவிட்டது போல அப்படியே ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. உடனே சூடான சாம்பலால் மூடினோம், அதன்மேல் உமி, அதன்மேல் தகரம்.

"இனி ரெண்டு நாள். ஒருத்தரும் தொறக்கப்படாது," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பாயை விறாந்தையில் விரித்துக்கொண்டேன். பச்சரிசியும் பழமுந்தான் சாப்பாடு. ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. புஷ்பம் தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, "என்னக்கா இது, அடை வைச்ச கோழி மாதிரி" என்றாள். அந்தப் பேத்திக்கு இப்போது முகத்தில் ஒரு தழும்பும் இல்லை, தெரியுமா? இரண்டாம் நாள் பின்னேரம் சின்னத்தம்பி அண்ணன் வந்தார்.

"என்ன தங்கச்சி, எஞ்சினுக்கு அந்தியேட்டியா?"

"இருங்க அண்ணன்."

"உள்ளுக்க சரியா வந்திரிக்கோ தெரியாது. ஒருக்கா ஒரு கரையால..." என்று தகரத்தில் கை வைத்தார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஊரில் ஓர் ஆம்பிளையின் கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. "கைய எடுங்க. நான் ஒருக்கா அவசரப்பட்டது போதும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் காலை றமீஸ் தம்பிக்கு முன்னாலேயே வந்து வளவில் குந்திக்கொண்டிருந்தார்.

சாம்பலை விலக்கும்போது நான் கிட்டப் போகவில்லை. றமீஸ் தம்பி உள்ளங்கையைப் புளொக்கில் வைத்து, "காய்ச்சல் விட்ட புள்ளைட நெத்தி மாதிரி இரிக்கி" என்றார். மட்டக்கோல் வைத்து மேற்பக்கம் கோணவில்லை என்று பார்த்தார். சாம்பல் நிற இரும்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பொன் வரி. ஓட்டைகளையெல்லாம் கட்டையால் அடைத்துவிட்டு, தண்ணீர் நிரப்பிக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். படலைக்குள் பதினைந்து பேராவது நின்றிருப்பார்கள். யாரோ வாளியை நீட்டினார்கள்.

சின்னத்தம்பி அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஊத்துங்க, ஊத்துங்க, இது பச்சத்தண்ணியர்ட எஞ்சின். பழகினதுதான்!" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். நஞ்சில்லாத சிரிப்பு. நீங்கள் இருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்டைக்கு ஊத்தினது அவர் இல்ல," என்றேன். "நான்."

நான் சத்தமாகப் பேசுகிறவள் அல்ல. அன்று படலை வரைக்கும் கேட்டது.

"அவர் தண்ணி எடுக்க வாடிக்குப் போயிட்டார். ஒண்டிலயும் கை வைக்காத எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். குளிர்த்தித் தண்ணிய நான்தான் ஊத்தினன். என்னையும் அம்மாளையும் ஊர் கதைக்கக் கூடாதெண்டு தன்ட தலையில போட்டுக்கொண்டார். நாப்பது வருசத்தில அந்த மனிசன் கொதிக்கிற எஞ்சினுக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினதில்ல."

பின்னால் ஒரு கிழவி, "அம்மாள்ட தண்ணியிலயா வெடிச்ச?" என்று மெல்லக் கேட்டாள். நீங்கள் பயந்த கேள்வி. சரியாக அந்தச் சொல்லிலேயே வந்தது. நீங்கள் பயந்தது நியாயந்தான். ஆனால் பதில் இல்லாத கேள்வியென்று நினைத்தீர்களே, அது நியாயமில்லை.

"அம்மாளில என்ன பிழை? அவவையே ஏழு நாள் பாடித்தான் குளிர வைக்கிறம். நான் ஒரு நிமிசத்தில குளிர வைக்கப் பாத்தன். பிழை என்ட அவசரத்தில. இந்தா, ரெண்டு நாள் பொறுத்திரிந்தன், ஒட்டியிரிக்கு. வந்து பாருங்க."

வாளியை நானே வாங்கினேன். நானே ஊற்றினேன். நிறைந்து வழிகிற வரைக்கும் ஊற்றினேன். றமீஸ் தம்பி பழைய பேப்பர் துண்டை அந்தப் பொன் வரியில் ஒட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு பேப்பரை எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். காய்ந்து இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். மய்யித்து எழும்பிட்டு அக்கா."

சின்னத்தம்பி அண்ணன் சால்வையால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று சொன்னார். போகும்போது படலையில் நின்று, திரும்பாமலே, "நான் அவன எவ்வளவு சிரிச்சிரிப்பன் தங்கச்சி. ஒரு வார்த்த சொல்லல்லியே, கள்ளன்" என்றார். பிறகு, "கார் ஓடத் தொடங்கினா வேற ஒருத்தன டிறைவரா வைக்காதங்க" என்றார்.

எஞ்சின் ஏறி, லைசன்ஸ் கடதாசிகள் எல்லாம் சரியாகி, போன கிழமை கார் சந்தி வரைக்கும் போய் வந்தது. தலைப்பக்கக் காஸ்கெட்டில் கொஞ்சம் ஒயில் கசிகிறது. எழுதி வைத்திருக்கிறேன், மாற்ற வேண்டும். அன்று பின்னேரம் உங்கள் படத்துக்கு முன்னால் பழைய கொப்பியை விரித்தேன். "ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டது" என்பதற்குப் பக்கத்தில் "அவர்" என்ற சொல்லை வெட்டிவிட்டு "நான்" என்று எழுதினேன். கோபித்தால் கோபியுங்கள். என் கொப்பியில் பொய் எழுதுவிக்க உங்களுக்கு அன்றைக்கு மட்டுந்தான் இடம் தந்தேன்.

கதைக்காமல் விடுமா ஊர்? கதைக்கிறது. அம்மாளின் தண்ணீரைக் காருக்கு ஊற்றியவள் என்று இரண்டு வீட்டார் என்னோடு முகம் கொடுப்பதில்லை. பூசாரியாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் "இந்த வருசமும் குடம் கொண்டு வாங்க" என்றார். எனக்கு அது போதும்.

நேற்றுக் கற்பூரம் வாங்கக் கடைக்குப் போனேன். உள்ளே நின்ற ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்: "இந்தா, பச்சத்தண்ணி அக்கா வாறா." மற்றவள் அவளை இடித்தாள். அவளுக்கு முகம் செத்துப்போயிற்று.

"ஓம், நான்தான்," என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க பிள்ளை, கற்பூரம் எடுக்க."

நாளை விடிய முன் சின்னத்தம்பி அண்ணன் வருவார். குடம் என் மடியில் இருக்கும். திரும்பி வரும்போது, கொதித்தாலும் கொதிக்காவிட்டாலும், அந்த வட்டைத் தெருவில் அதே இடத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஒரு மணித்தியாலம். நீங்கள் சொன்ன அந்த ஒரு மணித்தியாலத்தை நான் இன்னும் இருந்து முடிக்கவில்லை.

அந்தப் பெயரை ஒன்றரை வருடம் நீங்கள் சுமந்தீர்கள். அது உங்களுடையதல்ல. என்னுடையது. சந்தியில், கடையில், கோயிலில், எங்கே கூப்பிட்டாலும் இப்போது நான்தான் திரும்பிப் பார்க்கிறேன். நீங்கள் வந்து எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் இனி அதை உங்களிடம் தரமாட்டேன்.